தவிட்டுக்கு விற்ற பெண்குழந்தை

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். இப்போதெல்லாம் குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலேயே கணினியில் ஏற்றிவிடுகிறார்களாம். அலுவலகத்துக்கு யாரும் வரவேண்டியதில்லையாம். "உங்க காலத்துல ஆளே நேர்ல வந்து வாயால சொல்லணுமாமே சார், எதுக்கு அவ்ளோ கஷ்டம்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் அதன்பிறகு நிம்மதி போயிற்று. ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்டால் இதுதான் தொல்லை, அவன் பதில் சொல்லாமல் விடமாட்டான்.

நகராட்சிக் கட்டடத்தை அந்தக் காலத்தில் பிரெஞ்சு வழக்கில் 'மேரி' என்போம். பிரெஞ்சுக்காரர்கள் போவதற்குச் சற்று முன்னால் அங்கே நகல் எழுதுபவனாகச் சேர்ந்தேன். சாரம் என்ற எங்கள் பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவேன். முதல் இரண்டு வருடம் நான் செய்ததெல்லாம் யாரோ எழுதியதைப் பார்த்து எழுதியதுதான். கையெழுத்து நன்றாக இருந்ததாலும், பிரெஞ்சும் தமிழும் தெரிந்திருந்ததாலும், பிறகு மொழிபெயர்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. 1954 நவம்பரில் கொடி மாறியது. மேசையும் நாற்காலியும் பழைய இடத்திலேயே இருந்தன. பதிவுச் சட்டமும் பழையபடியே இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஊரை ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அது முழுதாக நடைமுறைக்கு வருவதற்குள் கொடி மாறி எட்டு வருடம் ஓடிவிட்டது. அந்த எட்டு வருடமும் எங்கள் ஊர்க்காரர்களில் யார் எந்த நாட்டவர் என்று கேட்டால், கேட்டவர்தான் முழிக்கவேண்டும்.

எங்கள் பிரிவுத் தலைவர் முசியே லூர்துநாதன். ஒல்லியான மனிதர். வெயில் கொளுத்தினாலும் கோட்டைக் கழற்றமாட்டார். என்னை 'நீர்' என்றுதான் அழைப்பார், அதில் மரியாதை எவ்வளவு எரிச்சல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. மேசைமேல் யாராவது கை ஊன்றினால் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்ப்பார். கை எடுக்கப்பட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார். இறப்பைப் பதிய வந்தவர்களை உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்து எழுதுவார். பிறப்பைப் பதிய வந்தால் எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். "ஒரு ஆள் புதுசா வந்திருக்கார், உட்கார்ந்துகொண்டா வரவேற்கிறது?" என்பார்.

அவரிடம் இருந்த பிடிவாதம் ஒன்றுதான். எதிரில் நிற்பவர் வாயிலிருந்து வராத ஒரு சொல்லையும் எழுதமாட்டார். எழுதியதைப் பிரெஞ்சில் உரக்கப் படிப்பார், நான் தமிழில் சொல்லவேண்டும், வந்தவர் 'சரி' என்று சொன்னபிறகுதான் கையெழுத்து. இதில் வேகம் கிடையாது. வெளியே வராந்தாவில் வரிசை நிற்கும், திட்டும். அவருக்குக் காது கேட்காததுபோல் இருப்பார்.

பிறந்த மூன்று நாளுக்குள் பிள்ளையைப் பதியவேண்டும், பெயரும் சொல்லவேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். நம்மவர்களோ பதினோராம் நாளோ அதற்குப் பிறகோதான் பெயர் வைப்பார்கள். "பேரு இன்னும் வைக்கலீங்களே" என்று அப்பன்காரன் நிற்பான். பெயர் இல்லாமல் எழுதமுடியாது என்பார் முசியே. அவன் வராந்தாவைப் பார்ப்பான், தெருவைப் பார்ப்பான், கடைசியில் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிட்டுப் போவான். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒரு பெயரும் பதிவில் ஒரு பெயரும் இருப்பது இப்படித்தான். பிரான்சிலிருந்து பென்ஷன் வரும்போது அந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அவர்கள் பட்ட பாட்டைத் தனியாக எழுதவேண்டும்.

எல்லைத் தொல்லை வேறு. அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு பக்கம் பிரெஞ்சு, எதிர்ப்பக்கம் இந்தியா என்று இருந்த கிராமங்கள் உண்டு. வயிற்றுப் பிள்ளைக்காரி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவாள். தாய்வீடு எதிர்ச்சாரியில் இருந்தால் பிள்ளை வேறு நாட்டில் பிறந்துவிடும். பிரெஞ்சுப் பட்டாளத்து வேலையில் இருந்த ஒருவர், மனைவிக்கு வலி கண்டதும் கட்டிலோடு தூக்கிப் பிரெஞ்சுப் பக்கத்துக்குத் தெருவைக் கடந்ததாக எங்களிடம் பெருமையாகச் சொன்னார். "தெருவுக்கு நடுவுல பொறந்திருந்தா என்னாங்க செஞ்சிருப்பீங்க?" என்று நான் கேட்டேன். முசியே என்னை முறைத்தார். அந்த ஆள் போனபிறகு, "அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை, இனிமேல் கேட்காதீர்" என்றார்.

இனி லான் என்ற ஒருத்தியின் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒப்பந்தம் கையெழுத்தான வருடத்துக்கு அடுத்த வருடம் அது. ஒரு காலையில் இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். ஒருத்தி அஞ்சலை, நெல்லித்தோப்பு மாட்டுவண்டிக்கார ஏழுமலையின் மனைவி. பஞ்சம் பிழைக்க எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், ஆகவே இந்தியர்கள். இன்னொருத்தி லான். வியட்நாம்காரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம்மூர்க்காரர் தட்சிணாமூர்த்தி சைகோனில் வேலை பார்த்தபோது அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அங்கே நிலைமை கெட்டதும் அவளைக் கர்ப்பிணியாக இங்கே கூட்டிவந்து, அஞ்சலை வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடிவைத்துவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு அவருடைய படைப்பிரிவைப் பிரான்சுக்கே மாற்றிவிட்டார்கள். மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ள அவருக்கு உத்தரவு கிடைத்தது. கப்பல் இரண்டு மாதத்தில். லான் இங்கே தங்குவதற்கான அனுமதியும் அந்தக் கப்பல் கிளம்பும்வரைக்கும்தான்.

அவள் கையில் ஏழெட்டு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. லானின் சின்னக் கண், லானின் வட்ட முகம். அது யார் குழந்தை என்று பார்வை உள்ள எவரும் கேட்கவேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் குழந்தையைச் சேர்க்கப் பிறப்புச் சான்று வேண்டும் என்று வந்திருந்தார்கள். நான் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். குழந்தையின் பெயர் குப்பம்மாள். தகப்பன் ஏழுமலை, தாய் அஞ்சலை.

"இது வேற புள்ளைம்மா. அந்தம்மா புள்ளையோட பதிவைச் சொல்லுங்க" என்றேன்.

"இதே புள்ளைதாங்க. எம் புள்ளதான். மொறத்துல தவிடு குடுத்து வாங்குனேன்" என்றாள் அஞ்சலை.

எனக்கு விளங்கிவிட்டது. பிறந்த பிள்ளைகள் தக்காமல் போகும் வீட்டில் அடுத்துப் பிறக்கும் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது நம் பக்கத்தில் உள்ள வழக்கம். விலைக்குப் போன பிள்ளையை எமன் தேடமாட்டான் என்று நம்பிக்கை. குப்பன், பிச்சை என்று மட்டமான பெயரும் வைப்பார்கள். லானுக்கு அதற்கு முன் பிறந்த இரண்டும் ஒரு வயது நிறையுமுன் சைகோனிலேயே போய்விட்டன. மூன்றாவதை அஞ்சலை ஒரு முறம் தவிட்டுக்கு வாங்கிக்கொண்டாள். அதுவரை சரி. ஆனால் தகப்பன் ஊரில் இல்லாததால், மூன்று நாள் கெடு முடிவதற்குள் மேரிக்கு ஓடிவந்து பதிந்தவன் ஏழுமலை. யார் பிள்ளை என்று கேட்டதற்கு, என் பிள்ளை என்று சொல்லியிருக்கிறான்.

முசியே லூர்துநாதன் எழுந்து வந்தார். லானைப் பார்த்துப் பிரெஞ்சில், "மதாம், இது உங்கள் குழந்தையா?" என்று கேட்டார்.

அவளுக்குப் பிரெஞ்சு தெரியும். ஆனால் தமிழில் பதில் சொன்னாள், அதுவும் அஞ்சலையின் நெல்லித்தோப்புத் தமிழில். "அஞ்சலையக்கா பொண்ணு. பால் நான் குடுக்கறேன்."

"அப்போ உங்களோட எதுக்குக் கூட்டிக்கிட்டுப் போறீங்க?" என்று நான் கேட்டேன். நான் பொறுமைசாலி என்று என் வீட்டிலேயே யாரும் சொல்லமாட்டார்கள்.

அவள் குழந்தையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டாள்.

பதிவைத் திருத்துவதற்கு வழி இருந்தது. பெற்றவள் நேரில் வந்து, இது என் குழந்தை, தவறாகப் பதிவாகிவிட்டது என்று வாயால் சொல்லவேண்டும். பதிந்தவனும் அதை ஒப்புக்கொள்ளவேண்டும். முசியே எழுதிக் குறிப்போடு நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அவர் அனுப்பியதை நீதிமன்றம் திருப்பியதாக எனக்கு நினைவில்லை. அவ்வளவு சின்ன வேலை. அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. அது வராவிட்டால் தாய் புருஷன் வழியில் பிரெஞ்சுக்காரி, குழந்தை மாட்டுவண்டிக்காரன் மகள், இந்தியப் பிரஜை. தாய் கப்பலேறவேண்டும், குழந்தை இங்கேயே நிற்கவேண்டும்.

மறுநாள் ஏழுமலையை வரச்சொன்னோம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றான்.

"ஏம்ப்பா, பொய்யா எழுதிக் குடுத்தியா?" என்றேன்.

"பொய் எங்கங்க சொன்னேன்? வித்தாச்சு, வாங்கியாச்சு. பெறவு வேற யார் புள்ளன்னு சொல்றது?" என்றவன், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்ப மாத்திச் சொன்னா உள்ள வச்சிருவாங்களாங்க? வண்டி மாடு ரெண்டும் பட்டினி கெடக்கும்" என்றான்.

பொய்ப் பதிவுக்குத் தண்டனை உண்டுதான். வழக்கத்தை நம்பிச் சொன்னவனை நீதிபதி கண்டித்து விட்டுவிடுவார் என்று முசியே சொன்னார். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "அந்தம்மா மொதல்ல சொல்லட்டும்" என்று போய்விட்டான்.

லானைத் தனியாக உட்காரவைத்துப் பேசினோம். அன்றுதான் அவள் வாயைத் திறந்தாள், பிரெஞ்சில், மெதுவாக. அவள் ஊரிலும் இதே வழக்கம் உண்டாம். அங்கே பிள்ளையைக் கோயிலுக்கு விற்றுவிடுவார்களாம். முதல் இரண்டு பிள்ளைகளையும் விற்கவேண்டும் என்று அவள் சொன்னபோது, பட்டாளத்தான் பெண்சாதி இதையெல்லாம் நம்புவதா என்று புருஷன் சிரித்திருக்கிறார். இந்தத் தடவை அவர் ஊரில் இல்லை. அஞ்சலை தவிட்டைப் பற்றிச் சொன்னதும், வேற்று ஊரில் தன் தாயைப் பார்த்ததுபோல் இருந்ததாம். ஒரு வயது முடிந்து, மயிலம் கோயிலில் முடி இறக்கி, தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம் என்று அஞ்சலை சொல்லியிருக்கிறாள். அதற்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. கப்பலுக்கு இரண்டு.

"இந்த அறைக்குள் சொன்னால் வெளியே யாருக்குத் தெரியும்?" என்று நான் கேட்டேன். அவள் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"கேக்கும்" என்றாள் தமிழில், எமன் பெயரைச் சொல்லாமல்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை படித்தவர்கள் நிற்கிறோம், ஒரு மூடநம்பிக்கைக்காக இவள் பிள்ளையையே விடப்போகிறாளா என்று. வெளியே வந்து முசியேயிடம் அதையே சொன்னேன். "அந்தம்மா கண்ணைப் பார்த்தாலே தெரியுதே முசியே. பெத்தவள்தான்னு எழுதிடுங்களேன், யார் கேட்கப்போறாங்க?"

"இரண்டு பிள்ளையைப் புதைத்தவள். அவள் வாயில் நான் ஒரு வார்த்தையைத் திணிப்பதா?" என்றார். "நாளைக்கு அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அவள் யாரை நினைப்பாள்? உம்மையும் என்னையும்தான்."

சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார். எனக்கு அது இன்றும் உறைக்கிறது. சட்டத்தைப் பிடித்துத் தொங்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பிடித்துக்கொண்டிருந்தது வேறு.

கப்பல் நெருங்கியது. பிரான்சிலிருந்து தந்தி வந்தது, உடனே புறப்படு என்று. இந்தப் பயணத்தை விட்டால் படை இன்னொரு முறை இடம் கொடுக்குமா என்பது தெரியாது. லான் அஞ்சலையோடு வந்து தந்தியை எங்கள் மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள். போகமாட்டாள், சொல்லவும் மாட்டாள். ஆனால் கப்பல் போனபிறகு இங்கே இருக்கவும் அவளுக்கு அனுமதி இல்லை.

முசியே லூர்துநாதன் தந்தியை எடுத்து இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"முதல்நாள் இந்த மதாம் என்ன சொன்னார்?"

"அஞ்சலை பொண்ணுன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"பால் நான் குடுக்கறேன்னாங்க."

"அலோர், அப்படியானால்" என்றார், பேனாவைத் திறந்துகொண்டு. "அதையே எழுதுவோம்."

எழுதினார். நெல்லித்தோப்பு ஏழுமலையின் மகள், இந்தியப் பிரஜை குப்பம்மாள், கைக்குழந்தை. குழந்தையின் தாயாகப் பதிவாகியுள்ள அஞ்சலைக்குப் பால் இல்லை. பிரெஞ்சுப் பிரஜையான மதாம் லான் இக்குழந்தைக்குப் பால் கொடுத்து வருகிறார். அவர் நாட்டை விட்டுப் போனால் குழந்தை பாலின்றிப் போகும். ஆகவே தாதி என்ற முறையில் அவர் தங்கியிருக்கக் குழந்தையின் பெற்றோர் வேண்டுகிறார்கள். பதிவேட்டின்படி இதில் எந்த வரியும் பொய் இல்லை, எழுதியவர் எழுதிக்கொண்டே ஒவ்வொன்றையும் சத்தமாகக் கேட்டார், அஞ்சலையும் 'ஆமாங்க' 'ஆமாங்க' என்று சொன்னாள். அவளுடைய கடைசிப் பிள்ளைக்கே நாலு வயது, பாலுக்கு எங்கே போவாள். எஜமானி என்று போட்ட இடத்தில் அஞ்சலை கட்டைவிரலை அழுத்திவிட்டு, மையைத் தலையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் இவளுக்குச் சம்பளம் குடுக்கணுமா?" என்று கேட்டாள்.

"சோறு போடறீங்கல்ல, அது போதும்" என்றேன்.

வெளிநாட்டவர் அனுமதியைப் பார்த்தவர் சென்னையிலிருந்து புதிதாக வந்த அதிகாரி. பிரெஞ்சு தெரியாது. கடிதத்தை நான் தமிழில் சொல்லவேண்டும். ஏழுமலை, அஞ்சலை, லான் மூன்று பேரையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போனேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மாட்டுவண்டி ஓட்டறவரு, புள்ளைக்குப் பால் குடுக்க சைகோன்லேருந்து ஆள் வச்சிருக்காரா?"

"ஆமா சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். லானைப் பார்த்தார். ஏழுமலையைப் பார்த்தார், அவன் கரிய முகத்தில் வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை பசிக்கு அழுதது. லான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தாள். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டார். "எனக்கும் வீட்ல சின்னக் கொழந்தை இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

இப்படியாகத் தன் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குத் தானே தாதி என்று அரசாங்கத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு லான் எங்கள் ஊரில் தங்கினாள். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்று, படகுகளில் போனவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அன்று அவள் கடற்கரைக்குக்கூட வரவில்லை. பிரான்சிலிருந்து கோபமாக ஒரு கடிதம் வந்தது. அதன்பிறகு சில வாரம் கடிதமே வரவில்லை. அஞ்சலைதான் தபால்காரரை வழிமறித்துச் சண்டைபிடித்தாளாம்.

பதினோராம் மாதத்தில் குழந்தைக்கு மணல்வாரி அம்மை போட்டது. ஏழுமலை வண்டியை மேரி வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்து சொன்னான். முசியே அன்று முழுவதும் எதையும் எழுதவில்லை, வந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டார். மூன்று நாள் அந்த வீட்டில் வேப்பிலை தொங்கியது. சாயங்காலம் சைக்கிளை நெல்லித்தோப்பு வழியாக ஓட்டிக்கொண்டு போவேன். உள்ளே போகமாட்டேன். வாசலில் அழுகைச் சத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். மூடநம்பிக்கை என்று கோபப்பட்ட அதே ஆள், நல்லவேளை அவளைச் சொல்லவைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன். குழந்தை பிழைத்துக்கொண்டது.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றம் பதிவைத் திருத்த உத்தரவிட்டது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி சாட்சி சொன்னாள். ஏழுமலைக்குக் கண்டிப்போடு போயிற்று. புருஷனுடைய கோபமும் தணிந்து, படையிடம் மன்றாடி இன்னொரு கப்பலில் இடம் வாங்கினார். குப்பம்மாள் என்ற பெயரை மாற்றலாமா என்று நாங்கள் கேட்டதற்கு லான் வேண்டாம் என்றுவிட்டாள். அந்தப் பெயரோடுதான் அது பிரான்சில் மார்சேய் துறைமுகத்தில் போய் இறங்கியது. அங்கே அதை எப்படி உச்சரித்தார்களோ.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது கோர்ட்டும் இல்லை, கப்பலும் இல்லை. மயிலத்தில் முடி இறக்கிவிட்டு அவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்த அந்தக் காலைதான்.

குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. அஞ்சலை முறத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஆபீசுக்காரர்கள் முன்னால் கொடுத்தால்தான் செல்லும் என்று அவளுக்கு எண்ணம். வராந்தாவில், காத்திருந்த அத்தனை பேர் நடுவிலும், லான் ஒரு துணிப்பையிலிருந்து தவிட்டை முறத்தில் கொட்டினாள். கொஞ்சம் தரையில் சிந்தியது. அஞ்சலை முறத்தை வாங்கிக் கீழே வைத்தாள், இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து லானின் கையில் கொடுத்தாள்.

"இந்தா. எடுத்துக்க. எனக்கு இனிமே ஒன்னும் பாத்தியம் இல்ல" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் கோணிக்கொண்டது.

உள்ளே அழைத்தோம். முசியே லூர்துநாதன் கேட்டார்: "மதாம், இது யார் குழந்தை?"

லான் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஒரு வருடமாக அந்த வார்த்தையை அவள் தனியாக இருக்கும்போதுகூடச் சொன்னதில்லை என்று அஞ்சலை பிறகு சொன்னாள்.  லான் கதவைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"சொல்லுடீ" என்றாள் அஞ்சலை, அழுதுகொண்டே. "தவிட்டத்தான் வாங்கிக்கிட்டேனே. சொல்லு."

"எம் பொண்ணு" என்றாள் லான்.

மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு பிரெஞ்சில் ஒரு தரம் சொன்னாள். பிறகு அவள் பாஷையில் சொன்னாள். அந்த பாஷை எனக்குத் தெரியாது, மொழிபெயர்க்கும்படி என்னை யாரும் கேட்கவும் இல்லை. எழுதுவதற்கு ஒரு தடவை சொன்னால் போதும். அவள் நிறுத்தவில்லை. எம் பொண்ணு, எம் பொண்ணு என்று குழந்தையின் மொட்டைத் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள், சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று, வராந்தாவில் நின்றவர்கள் எல்லாம் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்கள். முசியே லூர்துநாதன் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.